பத்தொன்பது வாக்கு வழக்கும் என் கையெழுத்தும்

எங்கள் குடும்பத்தில் தேர்தல் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தியைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

அவள் என் தம்பியின் மனைவி. ஒரு தீர்ப்பு வந்தால் மறுநாள் காலையில் கைபேசித் திரையில் தோன்றி, ஏழே நிமிடத்தில் அதைப் பிட்டுப் பிட்டு வைத்துவிடுவாள். வேட்புமனு ஏன் தள்ளுபடி ஆனது, முத்திரை எங்கே விழுந்தால் வாக்கு செல்லாது, தோற்றவர் வழக்குப் போட எத்தனை நாள் அவகாசம், எதுவானாலும் ஏழு நிமிடம். பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மனதுக்குள் நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான், ஏழு நிமிஷம்.

என்னை அலுவலகத்தில் 'அடிக்குறிப்பு' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் காதில் விழாமலா போகும். பதினெட்டு வருடமாக ஒரே புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். தேர்தல் சட்டத்துக்கு எழுதப்பட்ட விளக்கவுரை அது. ஆயிரத்து இருநூறு பக்கம், யார் காலிலாவது போட்டால் எலும்பு முறியும். முதலில் அதை எழுதிய பெரிய வழக்கறிஞர் போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. அட்டையில் இன்னும் அவர் பெயர்தான். உள்ளே, பதிப்புரிமை பற்றிய வரிகளுக்கெல்லாம் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் என் பெயரும் கிடைக்கும்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். செத்த தீர்ப்பு எது, உயிரோடு இருக்கும் தீர்ப்பு எது என்று பார்த்துச் சொல்வது. தினமும் காலை ஒன்பது மணிக்குப் பதிப்பகத்தின் இரண்டாவது மாடியில் என் மேசைக்கு வந்துவிடுவேன். முந்தைய நாள் நீதிமன்றங்கள் பிறப்பித்த உத்தரவுகளின் பட்டியலைத் திறப்பேன். ஐம்பது இருக்கும், அறுபது இருக்கும். ஒன்றைக்கூட விடாமல் படிப்பேன். பழைய தீர்ப்பை ஏற்றுக்கொண்டிருந்தால் பச்சைச் சீட்டு. இந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கியிருந்தால் மஞ்சள். ரத்து செய்திருந்தால் சிவப்பு. சீட்டில் வழக்கின் பெயர், நாள், என் சுருக்கக் கையெழுத்து. பிறகு சுவரோரம் இருக்கும் இழுப்பறைகளில் அகரவரிசைப்படி அதனதன் இடம்.

இதற்கெல்லாம் மூளை வேண்டுமா என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். மேல்முறையீட்டில் வழக்கின் பெயரே தலைகீழாகிவிடும். கீழே தோற்றவர் மேலே போகும்போது அவர் பெயர் முன்னால் வந்துவிடும். பழைய பெயரில் தேடுபவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கணினியும் கோட்டை விடும். நான் விட்டதில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு தீர்ப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை. வேறு எதைப் பற்றியும் நான் பெருமை பேசுகிறவள் இல்லை, பேச வேறு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொறாமைதான். வயிறு எரிந்தது. வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்று கூடினால் ஆளாளுக்கு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அடுத்த தெருக்காரர்கூடப் படம் எடுத்துக்கொள்ள வருவார். நான் அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன். அவளும் வந்து பக்கத்தில் நின்று துடைப்பாள், அதுதான் இன்னும் எரிச்சல். கொஞ்சம் தலைக்கனம் இருந்திருந்தால் மனசார வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். 'அண்ணி, அண்ணி' என்று என்னையே சுற்றிச் சுற்றி வருவாள். கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒரு சட்ட விஷயத்தைக்கூட அவள் திருப்பிச் சரிபார்த்ததில்லை. 'அண்ணி சொல்லிட்டாங்க' என்றால் அவளுக்கு அது தீர்ப்பு.

என் வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார். சட்டம் என்றால் கொட்டாவி விடுகிற மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காதில் எதையோ மாட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

"அந்தச் சும்மாவுக்கு ஏழு நிமிஷம் ஆகுமோ?"

மாட்டிக்கொண்ட முகத்தோடு கழற்றினார். "கோவிச்சுக்காத. நீயும் இதைத்தான் சொல்ற, இல்லன்னு சொல்லல. ஆனா அவ சொன்னா புரியுது."

போன வருடம் ஒரு நீதிபதி தன் தீர்ப்பில், அவள் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து நான்கு வரிகளை எடுத்துப் போட்டார், அவள் பெயரோடு. எங்கள் புத்தகத்தை இருநூறு தீர்ப்புகளாவது எடுத்தாண்டிருக்கும். அவற்றில் பாதி வரிகள் நான் எழுதியவை. எல்லாப் புகழும் செத்துப்போனவருக்கே போனது. அந்த நீதிபதியின் தீர்ப்புக்கும் நான்தான் பச்சைச் சீட்டு எழுதினேன். அவள் பெயரை என் கையெழுத்தில் எழுதி, இழுப்பறையில் செருகிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இந்த நிலையில்தான் பதிப்பாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புத்தகத்தின் ஆறாவது பதிப்பு வரப்போகிறது, உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் கடைக்கு வந்தாக வேண்டும், அட்டையில் இனிமேல் பெரியவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் வரும் என்று மூன்று மாதமாகப் பேச்சு. இன்னொரு பெயர் யாருடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்," என்றார் பதிப்பாளர். "வழக்குகள் பகுதி பூராவும் புதுசா எழுதி வாங்கறோம். உங்க தம்பி மனைவி ஒத்துக்கிட்டாங்க. அட்டையில அவங்க பேர். குடும்பத்துக்குள்ளயே இருக்கு பாருங்க, உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்."

"சந்தோஷம் சார்," என்றேன்.

"நீங்க எப்பவும்போல சரிபாத்துக் குடுத்துடுங்க. நீங்க இருக்கறப்ப எனக்குக் கவலையே இல்ல."

மாடிப்படி ஏறும்போது எண்ணினேன். முப்பத்திரண்டு படி. பதினெட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் எண்ணினேன்.

அவள் எழுதிய பகுதி ஒரு வெள்ளிக்கிழமை அச்சுப்படியாக என் மேசைக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரிபார்ப்பவர் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'சரி' என்று எழுதி, நாளிட்டு, கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத பக்கம் அச்சுக்குப் போகாது. கையெழுத்து இருந்தால் அதற்குப் பிறகு பதிப்பாளர்கூட ஒரு வரியைத் தொட மாட்டார்.

பேன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். குறை வேண்டும், ஒரே ஒரு குறை. ஆனால் நன்றாக எழுதியிருந்தாள், பாழாய்ப்போனவள். நான் மூன்று பக்கம் சுற்றிச் சுற்றி எழுதியிருந்ததை அரைப் பக்கத்தில் முடித்திருந்தாள், ஒரு விஷயமும் விட்டுப்போகவில்லை. சில இடங்களில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு ஏன் இப்படி எழுத வரவில்லை என்று அழுகை வந்தது. அழவில்லை, ஐம்பத்து மூன்று வயதில் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும்.

அடுத்த புதன்கிழமை, இருநூற்று ஆறாம் பக்கத்தில் கிடைத்தது.

மறு எண்ணிக்கை பற்றிய அத்தியாயம். அவளைப் பிரபலமாக்கியதே அதில் வரும் ஒரு தீர்ப்புதான். ஒரு நகராட்சித் தேர்தலில் ஒருவர் பத்தொன்பது வாக்கில் தோற்றார். நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் நாற்பத்தொன்று. வித்தியாசத்தைவிட நிராகரித்தது அதிகமாக இருக்கிறதே, அதுவே போதும், வேறு ஆதாரம் வேண்டாம், திரும்ப எண்ணுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். 'பத்தொன்பது வாக்கு வழக்கு' என்று அதற்குப் பெயர் வைத்ததே அவள்தான். அந்த வழக்கை வைத்து இருநூற்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தாள்: இனித் தோற்றவர் தன் மனுவில் எந்தெந்த வாக்குச்சீட்டு தவறாக நிராகரிக்கப்பட்டது என்று விவரம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தீர்ப்பு செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை, மேல் நீதிமன்றத்தின் அறுபத்து மூன்று உத்தரவுகளில் ஐம்பத்தெட்டாவதாக, இரண்டே பக்கத்தில், பெயர் தலைகீழாகி வந்திருந்தது. வித்தியாசம் மட்டும் போதாது, ஒவ்வொரு சீட்டுக்கும் விவரம் சொல்லியே ஆக வேண்டும் என்று ரத்து செய்திருந்தார்கள். எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அவள் அந்த வாரம் கல்லூரி கல்லூரியாகப் பேசப் போயிருந்தாள். நாட்டிலேயே அதைப் படித்தவர்கள் அந்த வழக்கின் வழக்கறிஞர்களும் நானுமாகத்தான் இருக்கும். அன்றே சிவப்புச் சீட்டு எழுதி இழுப்பறையில் போட்டும் விட்டேன்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. புத்தகம் வெளிவரும். எவனாவது ஒரு வக்கீல் கண்டுபிடிப்பான். ஏழு நிமிஷத்துக்குத் தன் சொந்த வழக்கே செத்தது தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும். நான் மட்டும் தட்டு துடைத்துக்கொண்டு, 'பரவால்லம்மா, யாருக்கும் நடக்கறதுதான்' என்பேன். அந்த வரியை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இனித்தது.

'சரி' என்று எழுதினேன். நாளிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சிவப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு சீட்டைக்கூட நான் கிழித்ததில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் எல்லோரிடமும் நல்லவளாக இருந்தேன். தம்பி வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவளுடைய வீடியோவை வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆனால் சட்டம் என்னைச் சும்மா விடவில்லை. தேர்தலில் தோற்றவர் முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். முப்பது நாள் முடிந்த பிறகு, விட்டுப்போன விவரத்தைச் சேர்க்க நீதிமன்றம் விடாது. அந்த அத்தியாயத்தை எழுதியவளே நான். எங்கோ ஒரு வார்டில் பத்தோ பதினைந்தோ வாக்கில் தோற்கப்போகிற ஒருத்தி இருப்பாள். வீடு வீடாக ஏறி இறங்கியவளாக இருப்பாள். அவளுடைய வக்கீல் எங்கள் புத்தகத்தைத் திறந்து இருநூற்று ஆறாம் பக்கத்தைப் படித்துவிட்டு, விவரம் வேண்டாமாம் என்று மனுவை மூடுவார். முப்பத்தோராவது நாள் அவள் கதை முடிந்தது. முகம் தெரியாத அந்தப் பெண் பல் தேய்க்கும்போதும் வந்தாள், பேருந்தில் நிற்கும்போதும் வந்தாள். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். மறுநாள் வானொலியில் என் தம்பி மனைவியின் பேட்டி வந்தது. சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்க ஒருநாள் விடுப்பு எடுத்தேன். மறுநாள் போனதும் பதிப்பாளர் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அவர் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அடுக்காக மேசைமேல் இருந்தது. மேலே இருநூற்று ஆறாம் பக்கம். அதன்மேல் சிவப்புச் சீட்டு.

"உக்காருங்க அண்ணி," என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நேத்து வேற ஒரு வழக்குக்காக உங்க இழுப்பறையைப் பாத்தேன். நீங்க இல்லாததால கேக்க முடியல. தேடறப்ப இது கைக்கு வந்துச்சு."

நான் உட்கார்ந்தேன்.

"அண்ணி மேல தப்பே இல்ல சார்," என்று அவர் பக்கம் திரும்பினாள். "எழுதினவ நான். அது இன்னும் உயிரோட இருக்கான்னு நான்தான் பாத்திருக்கணும். அவங்க கரெக்டா கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க. நானூறு பக்கம் படிக்கறப்ப ஒண்ணு மனசுல நிக்காமப் போறது சகஜம்."

பதிப்பாளர் சீட்டில் இருந்த நாளையும் பக்கத்தின் கீழ் இருந்த நாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எட்டே நாள்தான் இடைவெளி. தானே எழுதினதை எட்டு நாள்ல மறந்திருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார், நோயாளியின் அறையில் பேசுவதுபோல. "எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் தப்பா சொல்லலம்மா. இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க. இந்தப் பதிப்போட ஓய்வு எடுத்துக்கோங்க."

"அட்டையைப் பத்தியும் சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

"ஆமா. இவங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அட்டையில ரெண்டு பேர் பேரும் வரணும், உங்க பேர் முதல்ல வரணும்னு. எனக்கும் சரின்னுதான் படுது."

என் பெயர், அட்டையில், முதலில். பதினெட்டு வருடமாக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். தலையை ஆட்டினால் போதும். ஆட்டியிருந்தால் கெட்டவள் என்ற பெயரும் இல்லை, தம்பி வீட்டில் முகம் சுளிப்பும் இல்லை. பாவம், வயசாகிவிட்டது, மறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

அவள் என் கைமேல் கை வைத்தாள். "மறதி எல்லாருக்கும் வரும் அண்ணி."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறுபத்து மூன்று உத்தரவுகளில் ஐம்பத்தெட்டாவதை, பெயர் தலைகீழாகி வந்ததை, யார் கண்ணிலும் படாததைக் கண்டுபிடித்தவள் நான். எனக்கு மறதியா?

"மறக்கல," என்றேன்.

"பரவால்ல அண்ணி."

"பரவால்லங்கற பேச்சே வேண்டாம். நான் எதையும் மறக்கல. இந்தப் பக்கத்தைப் படிச்சப்பவே தெரியும், அந்தத் தீர்ப்பு ரத்து ஆயிடுச்சுன்னு. நாள் தெரியும், நீதிபதிங்க யாருன்னு தெரியும், எந்தப் பத்தியில சொல்லியிருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார். "எதுக்கு?" என்றார்.

"எதுக்கா? அட்டையில இவ பேரு. வீட்டுல இவ பேச்சு. தீர்ப்புல இவ வரி. உங்களுக்கு அவமானம் வரட்டும்னு இல்ல சார். இவளுக்கு வரட்டும்னு."

வெளியே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்றுகூட நினைத்தேன். என் கைமேல் இருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மீதி நானூத்திப் பதினோரு பக்கம்?" என்று கேட்டாள். கோபமே இல்லை, சாட்சியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "அதுலயும் உங்க கையெழுத்து இருக்கே."

"அதெல்லாம் சரியா இருக்கு."

"ம்."

"சத்தியமா சரியா இருக்கு. ஒரு பக்கம்தான்."

நான் சொன்னது உண்மை. என் வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்ன எல்லாவற்றையும்போல உண்மை. அவள் பதிப்பாளரிடம் ஒரு பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுக்கைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

எழுந்து போகும்படி யாரும் சொல்லவில்லை, அதனால் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வழக்கின் பெயரையும் முதலில் நேராகவும் பிறகு தலைகீழாகவும் தாளில் எழுதிக்கொண்டாள். அடிக்குறிப்பின்கீழ் விரலை வைத்து, நகர்த்தி, ஒரு எண்ணைக்கூட விடாமல் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.